நான்கடி மேசை, ஆறு பிரஸ்: எதை வைத்துக்கொள்வது?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீமூட்டும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்டதும் மூன்று போய்விடும், கூடு மட்டும் மிஞ்சும். நான்கில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான். விரிந்துபோன கூட்டை டை என்கிற எஃகு அச்சுக்குள் செலுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது ப்ரைமர் பொருத்தி, மருந்தை அளந்து போட்டு, குண்டை அழுத்தி உட்கார வைத்தால் தோட்டா மறுபடி தயார். ரீலோடிங் என்பது இவ்வளவுதான். அதற்கு வேண்டிய அழுத்தத்தைக் கொடுக்கும் கருவிதான் பிரஸ்.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்குச் செய்தால் தேவை. இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே சொல்லப்போவது பென்சில்வேனியாவில் நடந்தது.

எங்கள் துப்பாக்கிச் சுடும் கிளப்பில் ஒரு தம்பதி. கணவர் இயந்திரப் பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் தனியே போனபிறகு பெரிய வீட்டை விற்றுவிட்டு, கேப் காட் பாணியில் கட்டிய சின்ன வீட்டுக்கு மாறினார்கள். பழைய வீட்டின் பேஸ்மென்டில் சுவர் நீளத்துக்குப் பன்னிரண்டு அடி மேசை போட்டு, ஆறு பிரஸ்களையும் வரிசையாக, நிரந்தரமாக முடுக்கி வைத்திருந்தார். புது வீட்டின் பேஸ்மென்டில் மழை பெய்தால் சுவர் கசிகிறது. எஃகு டைகள் துருப்பிடிக்கும். மருந்துக்கும் ப்ரைமருக்கும் ஈரம் ஆகவே ஆகாது. மிச்சமிருந்தது மாடியில் ஓர் அறை. கேப் காட் வீடுகளின் மாடியில் கூரையே அறையின் விதானமாக ஓரத்தில் சரிந்து இறங்கும். அந்தச் சரிவின் கீழே நான்கடி நீளம், இரண்டடி ஆழம். மேசைக்குக் கிடைத்த இடம் அவ்வளவே.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்டு என்னையும் உட்கார வைத்தார்கள். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில், இருக்கிற பிரஸ்களைத் தரவரிசைப்படுத்தி மேலே உள்ள இரண்டை வைத்துக்கொள் என்பது. அப்படிச் செய்திருந்தால் இந்த வீட்டில் தப்பான இரண்டு மிஞ்சியிருக்கும் என்பது என் உறுதியான கருத்து. எப்படி என்பதை விரிவாகவே சொல்கிறேன்.

இருந்த ஆறு

முதலாவது ஆர்சிபிஎஸ் ராக் சக்கர். வார்ப்பிரும்பு, மூடிய ஓ வடிவச் சட்டம், ஒரே ஒரு டை. சிங்கிள் ஸ்டேஜ் என்று இந்த வகையைச் சொல்வார்கள்: ஒரு வேலையை எல்லாக் கூடுகளுக்கும் முடித்துவிட்டு, டையை மாற்றி, அடுத்த வேலையை எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டும். ஃபிரெட் ஹண்டிங்டன் 1943 இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் தொடங்கிய நிறுவனம் இது. ராக் சக் என்பது அங்கே பாறைகளுக்கிடையே வாழும் ஒரு பெரிய கொறிவிலங்கு. அதை வேட்டையாடுகிறவர்களுக்கான குண்டுகளை அழுத்திச் செய்யும் அச்சுகளைத்தான் அவர் முதலில் செய்தார். கருவியின் பெயர் அப்படி வந்தது. இந்தக் கணவரிடம் இருந்தது அவர் மாமனார் வைத்திருந்தது.

இரண்டாவது, இல்லினாயின் லானார்க் ஊரில் செய்யப்படும் ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ். இதுவும் சிங்கிள் ஸ்டேஜ்தான். ஆனால் டையைத் திருகி ஏற்ற வேண்டாம். அதன் பூட்டு வளையத்தோடு ஒரு பிளவுக்குள் தள்ளினால் போதும், சில நொடிகளில் மாறிவிடும். டையும் கூடும் கொஞ்சம் அசைய இடம் இருப்பதால் தாமாகவே நேர்கோட்டுக்கு வந்துவிடும். கைப்பிடி பக்கவாட்டில் இல்லாமல் நடுவில், தலைக்கு மேல் நிற்கும்.

மூன்றாவது லீ கிளாசிக் டரட். நான்கு டைகளைத் தாங்கிய வட்டத்தட்டு, கைப்பிடியை இழுக்க இழுக்க ஒவ்வொரு அடியாகத் திரும்பும். ஒரே கூடு உள்ளே நிற்க, டைகள் அதைத் தேடி வரும். நான்கு இழுப்புக்கு ஒரு தோட்டா. தட்டைத் திருப்பும் தண்டை எடுத்துவிட்டால் சிங்கிள் ஸ்டேஜ் போலவும் ஓட்டலாம்.

நான்காவது, அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலைச் சேர்ந்த டில்லன் நிறுவனத்தின் 550. இது ப்ரோகிரஸிவ் வகை. இங்கே டைகள் அசையாமல் நிற்கும், கூடுகள் சுற்றி வரும். நான்கு நிலைகளிலும் நான்கு கூடுகள், ஒவ்வொன்றும் வேலையின் ஒவ்வொரு கட்டத்தில். இழுப்புக்கு ஒரு தோட்டா வெளியே வரும். ஷெல்பிளேட் என்கிற கீழ்த்தட்டை ஒவ்வொரு முறையும் கையால்தான் திருப்ப வேண்டும் என்பது 550 இன் குணம்; இதைப் பிறகு பார்ப்போம்.

ஐந்தாவது மெக் 600 ஜூனியர், ஷாட்கன் தோட்டாவுக்கு மட்டுமானது. ஆறாவது ஒரு சின்ன அலுமினிய சி வடிவ பிரஸ்; எரிந்த ப்ரைமரைத் தட்டி எடுக்கும் அழுக்கு வேலைக்கென்று ஒதுக்கியிருந்தார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மெக் தவிர மற்ற ஐந்தும் ஒரே அளவு டைகளை ஏற்கும்: 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. அதனால் பிரஸ்ஸை விட்டால் டைகளையும் விட வேண்டியதில்லை. கோ-ஆக்ஸுக்கு மட்டும் பொருத்தமான பூட்டு வளையம் வேண்டும். எல்லா பிரஸ்ஸும் இப்படி அல்ல. டில்லனின் ஸ்கொயர் டீல் பி தனக்கென்று வேறு டைகளைக் கேட்கும். அதை வைத்திருப்பவர்கள் கணக்கை வேறு மாதிரிதான் போட வேண்டும்.

முதலில் வேலையை எழுதினோம்

பிரஸ்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, வருஷத்தில் எந்தத் தோட்டா எவ்வளவு, எப்போது, யார் செய்கிறார்கள் என்று எழுதச் சொன்னேன். மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது.

9 மி.மீ. தோட்டாதான் மலை. அவர் கிளப் போட்டிகளில் கைத்துப்பாக்கி சுடுகிறார், வாரத்துக்குச் சுமார் 200 போய்விடும். .308 வின்செஸ்டர், மான் வேட்டைக்கு. நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை பென்சில்வேனியாவில் ரைஃபிள் பருவம் தொடங்கும், அதற்கு முன் இலையுதிர்காலத்தில் நூறுக்குள் செய்தால் வருஷத்துக்குப் போதும். .30-06, பழைய எம்1 காரண்ட் ரைஃபிளுக்கு, இன்னும் குறைவு. 12 கேஜ் ஷாட்கன் தோட்டா முன்பு நிறைய. தோள்பட்டை வலி வந்தபிறகு களிமண் தட்டு சுடுவதை விட்டுவிட்டார்.

.38 ஸ்பெஷல் மாதத்துக்கு நூறு. அதைச் செய்வது அவர் மனைவி. அவருடைய ரிவால்வர், அவருடைய தோட்டா, அவருடைய சனிக்கிழமை மதியம். இத்தனை வருஷமும் கிளாசிக் டரட் அருகே ஒரு வானொலிகூட இல்லாமல் அமைதியாக உட்கார்ந்து செய்துவந்தவர் அவர். பன்னிரண்டு அடி மேசை இருந்தவரை இதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துப் பேச வேண்டிய தேவை வரவில்லை. நான்கடிக்கு வந்ததும் பேசித்தான் ஆக வேண்டும்.

இடத்தை அளந்த விதம்

அட்டைப்பெட்டிகளைக் கிழித்து ஒவ்வொரு பிரஸ்ஸின் அடித்தளத்தையும் வெட்டினோம். அதோடு நிறுத்தினால் ஏமாந்துபோவோம். அடித்தளம் ஒரு சாண்தான் இருக்கும். கைப்பிடி முழுதாகக் கீழே வரும்போது முழங்காலுக்கு எதிரே எவ்வளவு இடம் வேண்டும், விரல்முட்டி பக்கத்து பிரஸ்ஸில் இடிக்குமா, கூடு வைக்கும் தொட்டியும் முடிந்த தோட்டா விழும் தொட்டியும் இருபுறமும் எவ்வளவு துருத்தும் என்பதையும் அட்டையில் சேர்க்க வேண்டும். ப்ரோகிரஸிவ் பிரஸ் அடித்தளத்தில் சிறியது, தொட்டிகளோடு பெரியது.

அடுத்தது வெறுமையாக விட வேண்டிய இடம். இதை மறந்துவிட்டு மேசை முழுக்க பிரஸ் நிரப்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்து அளக்கும் தராசு ஆடாத, காற்றுப் படாத இடத்தில் நிற்க வேண்டும். மருந்து நிரப்பிய கூடுகள் ஐம்பது நிற்கும் மரத்தட்டு கண்ணுக்கு நேரே, விளக்குக்குக் கீழே இருக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்து மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று உறுதி செய்தபிறகுதான் குண்டு ஏறும். அளவு சொல்லும் கையேடு திறந்து கிடக்க வேண்டும். மருந்து டப்பா ஒன்றே ஒன்று, செய்கிற தோட்டாவுக்கானது மட்டும், மேசையில் இருக்கலாம். இரண்டு டப்பா இருந்தால் என்றைக்காவது ஒருநாள் மாறும். மருந்தே விழாத தோட்டா குண்டைக் குழலின் நடுவில் சிக்க வைக்கும். இரண்டு முறை விழுந்த தோட்டா துப்பாக்கியையே உடைக்கும். இரண்டையும் தடுப்பது பார்வைதான், பார்வைக்கு இடம் வேண்டும். ஆகவே நான்கடியில் ஒன்றரை அடியை முதலிலேயே கோடு போட்டு ஒதுக்கினோம். மீதி இரண்டரை அடியில் இரண்டு பிரஸ்களுக்குத்தான் இடம். பேச்சு உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

உயரத்தையும் அளந்தோம். மேசையின் பின்பக்கம் கூரை தாழ்ந்து வருகிறது. தராசும் தட்டும் அங்கே நிற்கும். உயரமான எதுவும் நிற்காது.

எளிதாகப் போனவை

மெக் 600 ஜூனியர் போனது. அது செய்யும் வேலையை வேறு எதுவும் செய்யாது என்பது உண்மை. ஆனால் அந்த வேலையே இப்போது இல்லை. ஷாட்கன் ரீலோடிங் இடத்தைத் தின்கிற பொழுதுபோக்கு. பிளாஸ்டிக் கூடுகள் மூட்டை மூட்டையாக, மருந்தையும் ஈயக்குண்டுகளையும் பிரிக்கும் வாட் என்கிற அடைப்புகளின் பைகள், ஒவ்வொன்றும் 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்கு மேல், கனக்கிற ஈயக்குண்டுப் பைகள். பிரஸ்ஸோடு ஓர் அலமாரியே காலியாயிற்று.

சின்ன சி பிரஸ்ஸும் போனது. அதன் இடத்தை லீயின் கைப்பிரஸ் எடுத்துக்கொண்டது. மேசையே வேண்டாத கருவி அது. இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்தலாம். எரிந்த ப்ரைமரைத் தட்டுவதற்கு இது போதும், அதுவும் வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து செய்யலாம். வழக்கமான ப்ரைமர்களில் ஈயக் கூட்டுப்பொருள் உண்டு, எரிந்த தூளிலும் ஈயம் இருக்கும். அந்தத் தூளைப் படுக்கையறைக்குப் பக்கத்து அறையில் கொட்டாமல் இருப்பது நல்லது. இதே காரணத்துக்காக, கூடுகளை உலர்ந்த தவிட்டில் போட்டு உருட்டித் துலக்குவதை நிறுத்திவிட்டு, தண்ணீரும் சின்ன எஃகு ஊசிகளும் போட்டு உருட்டும் முறைக்கு மாறச் சொன்னேன். தூசி பறக்காது.

550: விவாதமே இல்லை, நிபந்தனை உண்டு

வாரத்துக்கு 200 என்கிற கணக்கைச் சிங்கிள் ஸ்டேஜில் ஓட்டினால் அவருக்கு வேறு வாழ்க்கை இருக்காது. டரட்டில் முடியும், ஆனால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் நான்கு இழுப்பு, அந்தத் தோள்பட்டைக்கு அது ஆகாது. 550 இருக்க வேண்டியதுதான்.

நிபந்தனை மேசையைப் பற்றியது. 550 இல் கைப்பிடியைக் கீழே இழுத்தால் கூடு டைக்குள் ஏறும். திரும்ப மேலே கொண்டுவந்து முன்பக்கமாகத் தள்ளினால் ப்ரைமர் உட்காரும். இரண்டு திசையிலும் விசை. மேசை லேசாக ஆடினால்கூட அந்தத் தள்ளலின் உணர்வு கைக்கு வராது. ப்ரைமர் முழுதாக உட்காராமல் துருத்தி நிற்கும். பழைய மேசை கான்கிரீட் தரையில் நின்றது, புது மேசை மாடியின் மரத்தரையில் நிற்கப்போகிறது. அதனால் மேசையின் பின்சட்டத்தைச் சுவருக்குள் உள்ள மரத்தூண்களில் நீண்ட திருகாணிகளால் பிணைத்தோம். அமெரிக்க வீடுகளில் இந்தத் தூண்கள் பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒன்று நிற்கும், நான்கடி மேசைக்குக் குறைந்தது மூன்று தூண்கள் கிடைத்துவிடும். மேல்பலகை இரண்டு அடுக்குப் பிளைவுட், ஒட்டி முடுக்கியது. 550 மேசைக் காலுக்கு நேர் மேலே, மூலையில். பழைய வீட்டில் பிரஸ்ஸை உயர்த்திப் பிடிக்கும் தாங்கியோடு நின்றபடி ஓட்டினார். இங்கே கூரை இடிக்கும், தாங்கியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து ஓட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்தோம்.

தட்டைக் கையால் திருப்புவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் கூப்பிட்டுத் திரும்பிப் பேசிவிட்டு வந்தால், தட்டைத் திருப்பினோமா இல்லையா என்று சந்தேகம் வரும். திருப்பாமல் இன்னொரு முறை இழுத்தால் அதே கூட்டில் இரண்டாவது முறை மருந்து விழும். இதற்கு அவர் வைத்திருக்கும் விதி எனக்குப் பிடிக்கும்: இடையில் நின்றால், தட்டில் இருக்கும் நான்கையும் எடுத்துவிட வேண்டும், மருந்தைக் கொட்ட வேண்டும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். யோசித்துப் பார்த்து முடிவு செய்வது கிடையாது. 9 மி.மீ. கூடு சிறியது, இரட்டை மருந்து விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுக்கும்படி பருமனான மருந்தாகக் கையேட்டிலிருந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்.

ராக் சக்கரா, கோ-ஆக்ஸா

இதில்தான் அவருக்கு மனம் வலித்தது. ஆறில் மிக நேர்த்தியான கருவி எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் கோ-ஆக்ஸ் என்பேன். டை மாற்றும் சுகம், கூடும் குண்டும் ஒரே அச்சில் அமரும் துல்லியம், எரிந்த ப்ரைமர் ஒன்றுகூடத் தரையில் சிந்தாமல் குழாய் வழியே போய்ச் சேரும் ஒழுங்கு. தரவரிசை போட்டிருந்தால் அதுதான் முதலில் நிற்கும்.

ஆனால் அதன் கைப்பிடி தலைக்கு மேல் எழுந்து நிற்கிறது. மேசையின் முன்விளிம்பிலேயே பொருத்தினாலும் சரிந்த கூரையில் கைப்பிடியின் உருண்டை இடித்தது. குட்டையான கைப்பிடி போடலாம். போட்டால் நெம்புகோலின் பலன் குறையும்,.30-06 கூட்டை முழுநீளம் அழுத்தும்போது தோள்பட்டை அதைச் சொல்லும். இன்னொன்று, அது தன் தாடைகளாலேயே கூட்டைப் பிடிக்கிறது. மற்ற பிரஸ்களில் உள்ள ஷெல் ஹோல்டர் வேண்டியதில்லை. பல தோட்டா வகை செய்பவருக்கு இது வசதி. இவர் இதில் செய்யப்போவதோ .308, .30-06 இரண்டு மட்டும், இரண்டின் அடிவிளிம்பும் ஒரே அளவு, ஒரே ஷெல் ஹோல்டர் போதும். அந்த வசதியால் இவருக்குக் கிடைப்பது எதுவும் இல்லை.

துல்லியம்? மான் வேட்டையில் அவர் சுடும் தூரம் 150 கெஜத்தைத் தாண்டுவதில்லை, அந்தக் காடுகளில் அதற்கு மேல் பார்வையும் போகாது. நல்ல டையை ஒழுங்காகச் சரிசெய்த ராக் சக்கரில் செய்த தோட்டா அந்த வேலைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. காரண்டுக்கோ, கூடு துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் தயங்காமல் நுழைய முழுநீள அழுத்தம்தான் முக்கியம். ராணுவக் கூடுகளில் ப்ரைமரைச் சுற்றி இறுக்கியிருக்கும் விளிம்பை மீறி அதைத் தட்டி எடுக்கவும் பலம் வேண்டும். வார்ப்பிரும்புச் சட்டமும் கூட்டு நெம்புகோலும் இதற்கென்றே பிறந்தவை. மாமனார் நினைவு என்பதும் இருந்தது, அதை நான் தராசில் போடவில்லை. போடாமலேயே தட்டு சாய்ந்துவிட்டது.

டரட்: பொதுக்கணக்கும் இந்த வீட்டுக் கணக்கும்

யாராவது என்னிடம், ஒரே ஒரு பிரஸ்தான் வைக்க முடியும், எது என்று கேட்டால் டரட் என்பேன். இரண்டு வைக்க இடம் உண்டு என்றால் முதலில் வெளியே போக வேண்டியதும் டரட்தான். கேட்கும்போது முரணாகத் தெரியும். டரட்டின் பலமே நடுவில் நிற்பது: சிங்கிள் ஸ்டேஜை விட வேகம், ப்ரோகிரஸிவை விட எளிமை. இரு முனைகளையும் வைத்துக்கொள்ள முடிந்தவருக்கு நடுவில் உள்ளது தேவைப்படாது. 550 இல் ஒரே ஒரு கூட்டை மட்டும் போட்டு நான்கு நிலைகளிலும் சுற்றிவரச் செய்தால் அதுவே டரட் மாதிரிதான் வேலை செய்யும். 9 மி.மீ.க்கும் .38 ஸ்பெஷலுக்கும் ஒரே சின்ன ப்ரைமர் என்பதால், 550 இல் மாற்றுவதற்கு அதிக நேரம் பிடிக்கும் ப்ரைமர் பாகங்களைத் தொடவே வேண்டாம். டைகள் பொருத்திய டூல்ஹெட், ஷெல்பிளேட், மருந்துக் குழல், கூட்டைப் பிடிக்கும் சின்ன ஊசிகள் மாறினால் போதும். கணக்குப்படி .38 ஐ 550 க்கு நகர்த்திவிட்டு டரட்டை விற்பதுதான் சரி.

இந்த வீட்டில் நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. .38 ஸ்பெஷல் செய்கிறவரை 550 முன் உட்கார்ந்து பார்க்கச் சொன்னோம். பொறுமையாக ஒரு பெட்டி செய்தார். முடித்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: டரட்டில் ஒரு கூடு உள்ளே போனால் தோட்டாவாக வெளியே வரும்வரை என் கண் அதைவிட்டுப் போகாது, இதில் எதைப் பார்ப்பது என்று நான் தீர்மானித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இதைப் பழக்கம் இல்லாத தயக்கம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை, ஒதுக்கவும் கூடாது. .38 ஸ்பெஷல் கறுப்பு வெடிமருந்துக் காலத்தின் கடைசியில் பிறந்த தோட்டா. கூடு அதற்கேற்ப நீளம். இன்றைய வேகமான மருந்து அதன் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, மேலிருந்து பார்த்தால் சட்டென்று தெரியவும் தெரியாது. எந்தத் தோட்டாவில் கண் மிகவும் தேவையோ அந்தத் தோட்டாவைச் செய்பவர், தன் கண் எங்கே நிம்மதியாக இருக்கிறது என்று சொல்கிறார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

அதோடு, தானே செய்த தோட்டாவைத் தானே சுடுவது அவருக்குப் பெருமை. கணவரின் கருவியில், கணவர் மாற்றிக் கொடுத்தபிறகு, கணவர் சரிபார்த்துத் தருகிற வேலையாக அது மாறினால் சில மாதங்களில் நின்றுபோகும். அப்படி ஒதுங்கிப்போன பெண்களை எங்கள் கிளப்பிலேயே அறிவேன். மேசையில் இடம் என்று பேசும்போது யாருக்கு இடம் என்பதும் சேர்ந்தே வருகிறது.

மூன்றை இரண்டில் வைத்தது

சரி, மூன்று பிரஸ், இரண்டு இடம். ராக் சக்கருக்கு வேலை இலையுதிர்காலத்தில் சில நாட்கள். டரட்டுக்கு வேலை சனிக்கிழமைகளில். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டியதில்லை. தடித்த எஃகுத் தகடு இரண்டு வெட்டி, ஒன்றில் ராக் சக்கர், மற்றதில் டரட் முடுக்கினோம். இரண்டு தகட்டிலும் வெளித்துளைகள் ஒரே இடைவெளியில். மேசையில் அதே இடைவெளியில் நான்கு துளை, பலகைக்கு அடியில் பற்றிக்கொள்ளும் மரைகள். மேலிருந்து நான்கு போல்ட்டைக் கழற்றினால் ஒன்று போய் மற்றது வரும். ஆயத்தமாகவே இப்படித் தகடுகள் விற்கிறார்கள். லேத் ஓட்டியவர் என்பதால் இவரே செய்துகொண்டார். அந்த இடமும் ஒரு காலுக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். இரண்டு காலுக்கு நடுவில் பொருத்தினால் பலகை வளையும், .30-06 கூட்டை இழுக்கும்போது தெரியும்.

வெளியே இருக்கும் பிரஸ் மேசைக்கு அடியில் தகட்டோடு, துணி போர்த்தி நிற்கிறது. வார்ப்பிரும்பைக் குனிந்து தூக்குவது அவருக்குக் கஷ்டம் என்பதால் சக்கரம் வைத்த தாழ்வான பெட்டி ஒன்றும் சேர்ந்தது.

மருந்தையும் ப்ரைமரையும் மேசைக்கு அடியில் வைக்கும் யோசனை வந்தது, மறுத்துவிட்டேன். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 495, வீட்டில் புகையில்லா மருந்து 20 பவுண்டு வரை, அதன் அசல் டப்பாக்களிலேயே வைக்கலாம் என்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஓர் அங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டி வேண்டும். ப்ரைமர் 10,000 வரை. இவர்களிடம் இருப்பது அதைவிட மிகக் குறைவு. என்றாலும் ஹீட்டருக்கும் மாடிப்படிக்கும் தள்ளி, தரைத்தளத்தில் உலர்ந்த அலமாரியில், மருந்து தனியாகவும் ப்ரைமர் தனியாகவும் மரப்பெட்டிகளில் போயின. 2020 இல் தொடங்கிய தட்டுப்பாட்டில் ப்ரைமர் கிடைக்காமல் தவித்தபிறகு, பலர் கண்டபடி வாங்கிக் குவித்து வைத்திருக்கிறார்கள். இடம் குறைந்த வீட்டில் அந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

ஒரு பருவம் கழித்து

அந்த மேசையில் ஒரு மான் பருவம் கடந்துவிட்டது. தகடு மாற்றுவது சில நிமிட வேலைதான். ஆனால் போல்ட்டுகள் மெல்ல மெல்லத் தளர்கின்றன, மரம் அழுந்துவதால். அகலமான வாஷர் போட்டபிறகு குறைந்தது. இப்போது ஒவ்வொரு முறை உட்காரும்போதும் ஒரு முறை ஸ்பேனரால் இறுக்கிப் பார்க்கிறார்கள்.

கூரையின் சரிவால் 550 இன் பின்நிலைகளில் நிழல் விழுந்தது. டூல்ஹெட்டுக்கு நடுவே பொருத்தும் சின்ன எல்இடி விளக்கு போட்டதும் கூட்டுக்குள் மருந்து மட்டம் பளிச்சென்று தெரிகிறது. இதை முதல் நாளிலேயே வாங்கச் சொல்லலாம். எந்த ப்ரோகிரஸிவ் பிரஸ்ஸுக்கும், எந்த அறையிலும்.

ஒதுக்கிய ஒன்றரை அடிக்குள் பொருட்கள் ஊர்ந்து வர முயன்றன: முதலில் கூடு வெட்டும் டிரிம்மர், பிறகு ஒரு காபிக் கோப்பை. மனைவி அந்த எல்லையில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டார். டிரிம்மர் இப்போது ஒரு பலகைத்துண்டில் முடுக்கி, வேண்டும்போது மட்டும் கிளாம்பால் பிடித்துக்கொள்வது.

கோ-ஆக்ஸ் கிளப்பில் தொலைதூரம் சுடும் ஓர் இளைஞரிடம் போயிற்று. உயரமான விதானம் உள்ள கராஜ் அவருக்கு. தாடைகள் இரண்டு வகையும், பூட்டு வளையங்களும், கையேடும் ஒரு பெட்டியில் சேர்த்துக் கொடுத்தார்கள். பழைய பிரஸ் விற்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சின்னப் பாகங்கள் தவறிப்போனால் வாங்குகிறவருக்கு அது பாதி பிரஸ். மெக்கோடு கொடுத்த மருந்து அளவுச் சட்டத்தை முழுதாகக் கழற்றி, ஒரு துகள்கூட மிஞ்சாமல் துடைத்துத்தான் கொடுத்தோம். திறந்த மருந்து டப்பாக்களை யாருக்கும் கொடுக்கவில்லை.

அவருடைய தோள்பட்டை மோசமாகி, போட்டிகளை நிறுத்தும் காலம் வந்தால் 9 மி.மீ. கணக்கு மாதத்துக்கு நூறு, இருநூறாகச் சுருங்கும். அன்றைக்கு 550 க்கு அந்த மேசையில் காரணம் இருக்காது; டரட்டே இரண்டையும் செய்யும், நிரந்தரமாக மூலைக்கு வரும். அதற்கான 9 மி.மீ. வட்டத்தட்டை டைகளோடு சரிசெய்து, பெயர் எழுதி, இப்போதே அலமாரியில் வைத்துவிட்டார்கள்.